ஐரிஷ் டிரை ஸ்டவுட்: ஹாப்ஸ் தேர்வும் தானியத் தேர்வும்

வீட்டிலேயே 20 லிட்டர் ஐரிஷ் டிரை ஸ்டவுட் என்னும் வறண்ட சுவையுள்ள கருநிற பீரைக் காய்ச்ச நினைப்பவர்கள், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் எதை வாங்குவது என்பதில்தான் முதலில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என் கணிப்பில், இந்த பீரின் குணத்தைத் தீர்மானிப்பது கரிய தானியமே. ஹாப்ஸ் அதற்கு அளவான கசப்பைச் சேர்த்தால் போதும்.

ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், ஃபகிள் ஆகிய இரண்டு ஆங்கிலேய ஹாப்ஸ்களிலும் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் ஏறத்தாழ 5 சதவீதம். ஜெர்மனியின் மேக்னமிலோ 12 முதல் 14 சதவீதம். ஏறத்தாழ 35 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) கசப்பு வேண்டுமென்றால், ஒரு மணி நேரக் கொதிக்கு கோல்டிங்ஸ் 55 கிராம் அளவுக்குத் தேவைப்படும் இடத்தில் மேக்னம் 22 கிராமே போதும். செலவும் அடியில் தங்கும் கசடும் குறையும் என்பதால் மேக்னமைப் பலர் விரும்புவது நியாயம்தான். ஆயினும் கோல்டிங்ஸ் விட்டுச்செல்லும் மென்மையான பூமணம் வறுவல் வாசனையோடு இழைந்துபோவதால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். மண்வாசனையும் மரவாசனையும் கலந்த ஃபகிள் அதற்கு அடுத்த இடம் பெறும். கேஸ்கேட் என்னும் அமெரிக்க ஹாப்ஸ் இங்கே வேண்டாம். ஃபகிளின் வழிவந்ததே என்றாலும், அதன் பம்பளிமாஸ் வாசனை கூடுதல் செறிவுள்ள அமெரிக்க ஸ்டவுட்டுக்கே பொருந்தும்.

தானியத்தில்தான் நிதானம் தேவை. முளைகட்டாமல் வறுத்த பார்லியில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தால், பால் சேர்க்காத காப்பியின் வறண்ட கசப்பு நாக்கில் தெரியும்; டிரை ஸ்டவுட்டுக்கு உரிய சுவை அதுவே. டேனியல் வீலர் 1817-இல் காப்புரிமை பெற்ற உருளை வறுப்பானால் பிறந்த பிளாக் மால்ட் (முளைகட்டிய பின் கருக வறுத்த பார்லி), போர்ட்டர் என்னும் கருநிற பீர் வகைக்குப் பெருந்துணையாக இருந்தது என்றாலும், அளவு மீறினால் கரிச்சுவை தட்டும். சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்த சாக்லேட் மால்ட் இவற்றைவிட மென்மையானது. அதை மட்டும் நம்பினால் ஸ்டவுட்டின் முனைப்பு மழுங்கிவிடும். எனவே 4 கிலோ தானியத்தில் வெளிர்நிற பேல் மால்ட் 2.8 கிலோ, அவல்போல் தட்டிய பார்லி 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம் என்ற பங்கீட்டைப் பரிந்துரைக்கிறேன். தட்டிய பார்லிக்குப் பதில் ஓட்ஸ் சேர்த்தால் வழவழப்புக் கூடும், ஆனால் அது வேறு வகை ஸ்டவுட்டாகிவிடும்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கரிய தானியம் மாஷின் (வெந்நீரில் ஊறும் தானியக் கலவையின்) அமிலத்தன்மையைக் கூட்டும். டப்ளின் தண்ணீரில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் மிகுந்திருந்ததால் அங்கே அது தானாகவே சமன்பட்டது. உங்கள் தண்ணீர் மென்னீராக இருந்தால், பேல் மால்ட்டையும் தட்டிய பார்லியையும் முதலில் 66 டிகிரி செல்சியஸில் ஊறவிட்டு, வறுத்த பார்லியைக் கடைசி 15 நிமிடத்தில் சேர்ப்பது நல்லது.