நீச்சல் குள பாண்டிங் சோதனைக் கருவிகள்: எது தேறும், எது தேறாது

நீச்சல் குளத்தின் பாண்டிங்கையும் எர்த்திங்கையும் சோதிக்க வருகிறவர் கையில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று இருக்கும்: சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், 200 மில்லிஆம்பியரில் கன்டினியூட்டி (இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று) பார்க்கும் மல்டிஃபங்ஷன் டெஸ்டர், நான்கு முனை மைக்ரோஓம் மீட்டர், எர்த் கிளாம்ப் டெஸ்டர். நான்குமே நல்ல கருவிகள்தான். ஆனால் குளத்தங்கரையில் ஒன்று வேலைக்கு ஆகாது, ஒன்று தப்பான நம்பிக்கையைக் கொடுக்கும், மற்ற இரண்டும் இடம் பார்த்துப் பயன்படும். ஐந்தாவதாக ஒன்று உண்டு. கடையில் அதைக் கருவி என்று யாரும் விற்பதில்லை. அதை நடுவில் பார்ப்போம்.

அளக்கப்போவது எதை என்று முதலில் தெளிவாக வேண்டும். எர்த்திங் என்பது பழுது வந்தால் மின்னோட்டம் திரும்பிப்போக வழி கொடுத்து பிரேக்கரை விழவைப்பது. பாண்டிங் என்பது தண்ணீர், ஏணி, கைப்பிடி, கரைத்தளம், பம்ப் மோட்டாரின் உடல், விளக்கின் உலோகக் கூடு எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது. தண்ணீரில் கால், கைப்பிடியில் கை. இந்த இரண்டுக்கும் இடையில் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால்தான் ஷாக். அதனால் குளத்துக்கென்று தனியாக ஒரு எர்த் ராடு அடித்துவிட்டால் போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 25 ஓம் உள்ள ராடு வழியாக 230 வோல்ட் பழுது வந்தால் ஓடுவது 9.2 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி (சிறிய பிரேக்கர்) அசையாது. உலோகம் அதே வோல்டேஜில் காத்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்க மின் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்இசியின் 680.26 பிரிவு குளத்தின் உள்சுவரிலிருந்து 3 அடி வரையுள்ள கரைத்தளத்தையும் பாண்டிங்கில் சேர்க்கிறது. 8 கேஜ் ஒற்றைக் கம்பிச் செம்பு, அதாவது சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர், குறைந்தபட்சம். தளத்தின் அடியில் செம்பு வளையமாகப் போட்டால் அது சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலத்துக்குள் ஓட வேண்டும். தண்ணீரையும் குறைந்தது 9 சதுர அங்குல உலோகப் பரப்பு தொட வேண்டும். சர்வதேசத் தரமான ஐஇசி 60364-7-702 இதையே மண்டலங்களாகப் பிரிக்கிறது: தொட்டிக்குள் மண்டலம் 0, விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை மண்டலம் 1, அதற்கப்பால் 1.5 மீட்டர் மண்டலம் 2. மூன்றிலும் உள்ள வெளி உலோகப் பகுதிகளை இணைக்கச் சொல்கிறது.

இந்த 8 கேஜ் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 2.06 மில்லிஓம். பம்ப் அறையிலிருந்து 20 மீட்டர் தள்ளி ஒரு ஏணி இருந்தால் கம்பி மட்டும் 41 மில்லிஓம். லக் (கம்பி நுனியை மாட்டும் உலோக முனை), கிளாம்ப் எல்லாம் சேர்த்து 50, 60 என்று வரலாம். கருவியைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு எண்ணே போதும்.

மல்டிமீட்டரை இப்போதே ஓரமாக வைத்துவிடலாம். பெரும்பாலான மாடல்கள் காட்டும் கடைசி இலக்கம் 0.1 ஓம். லீடு கம்பிகளே 0.2, 0.3 ஓம் எடுத்துக்கொள்ளும். அளக்க வேண்டியதோ 0.05 ஓம், அதாவது 50 மில்லிஓம். அதோடு மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் அளவுக்குத்தான். பல இழைகள் அரித்துப்போய் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 'பீப்' கேட்கும். அந்த பீப்பை வைத்து ரிப்போர்ட் எழுதுபவரிடம் சோதனைக் கூலி கொடுப்பது வீண். இதே மல்டிமீட்டருக்கு வேறொரு வேலை இருக்கிறது, அதில் இது அருமையான கருவி.

அடுத்து 200 மில்லிஆம்பியர் டெஸ்டர். ஐஇசி 60364-6 கேட்பதும் இதுதான்: சுமையில்லாதபோது 4 முதல் 24 வோல்ட், குறைந்தது 0.2 ஆம்பியர். பொதுவாக 0.01 ஓம் வரை காட்டும். குளத்து வேலையில் நீளமான லீடு தேவைப்படுவதால் 50 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ரீலில் சுற்றி எடுத்துப் போவார்கள். அந்த வயரே சுமார் 0.37 ஓம். டெஸ்டரின் நல் (null, அதாவது பூஜ்யமாக்கும்) பட்டனை அழுத்தி இதைக் கழித்துவிடலாம். பலர் கோட்டை விடும் இடமும் இதுதான். நிழலில் நல் செய்த வயரை வெயிலில் விரித்துப்போட்டால் செம்பின் வெப்பம் எளிதாக 20 டிகிரி ஏறும். செம்பின் தடை டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் கூடும் என்பதால், அந்த 0.37 ஓம் கிட்டத்தட்ட 29 மில்லிஓம் கூடிவிடும். நாம் தேடுகிற அளவிலேயே பாதிக்கு மேல் பிழை. நான்கைந்து புள்ளிகளுக்கு ஒருமுறை லீடு முனைகளைச் சேர்த்து மறுபடி நல் செய்யாதவரின் ரீடிங் மதியத்துக்கு மேல் மெல்ல ஏறிக்கொண்டே போகும், எல்லா ஏணியும் கெட்டுப்போனதுபோல.

இன்னொன்று: ஒவ்வொரு புள்ளியையும் லீடை மாற்றிப் பிடித்து இரண்டு தடவை அளக்க வேண்டும். செம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஈரத்தில் சேர்ந்தால் சிறிய பேட்டரியாகிவிடும். 50 மில்லிஓமில் 200 மில்லிஆம்பியர் உண்டாக்குவது வெறும் 10 மில்லிவோல்ட்; பக்கத்தில் நாலைந்து மில்லிவோல்ட் டிசி இருந்தாலே கணக்கு கெடும். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் நம்பலாம். வித்தியாசம் வந்தால் சராசரி எடுத்துக்கொண்டு, அந்த டிசி ஏன் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். மோசமான இணைப்பே அதற்குக் காரணமாக இருப்பதுண்டு.

நான்கு முனை மைக்ரோஓம் மீட்டரில் இந்தத் தலைவலி இல்லை. மின்னோட்டம் போக இரண்டு கம்பி, வோல்டேஜ் அளக்க தனியாக இரண்டு. லீடின் தடை ரீடிங்கில் சேராது, வெயிலடித்தாலும் கவலையில்லை. கிளாம்பின் ஒருபக்கக் கம்பியிலும் மறுபக்க உலோகத்திலும் வோல்டேஜ் முனைகளை வைத்தால் அந்த ஒரு இணைப்பின் தடை மட்டும் வரும். நல்ல இணைப்பு பத்துகளில், அதிகம் போனால் சில நூறுகளில் மைக்ரோஓம் காட்டும். பல மில்லிஓம் காட்டினால் கழற்றிப் பார்ப்பதே சரி. ஆனால் 10 ஆம்பியர் என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். 50 மீட்டர் லீடு வழியாக 10 ஆம்பியர் தள்ள அந்தக் கம்பியிலேயே 3.7 வோல்ட் விழும். கையடக்க மாடல்களில் பல அதைத் தாங்காமல் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது பிழை காட்டும். நீண்ட தூரத்துக்கு 1 ஆம்பியர் போதும். 10 ஆம்பியர் இணைப்புகளுக்கு மட்டும்.

செம்பு வளையம் எங்கேயோ அறுந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் இந்தக் கருவிக்கு இணையில்லை. 40 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளை அளந்தால் 5.7 மில்லிஓம் வர வேண்டும். மீதி 37 மீட்டர் இணையாக இருப்பதால் ஆறுக்குச் சற்றுக் குறைவு. அந்த 3 மீட்டருக்குள் கம்பி அறுந்திருந்தால் சுற்றிப்போக வேண்டும்: 76 மில்லிஓம். மல்டிமீட்டருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். இந்த உத்தி வினைல் லைனர், ஃபைபர் கிளாஸ் குளங்களில் துல்லியமாக வேலை செய்யும். கான்கிரீட் குளத்தில் உள்ளே கட்டிய இரும்புக் கம்பி வலை இணைப்பாதையாக இருந்து அறுந்ததை மறைத்துவிடும். எபாக்ஸி பூசிய கம்பியாக இருந்தால் அந்த வலையைப் பாண்டிங் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

எர்த் கிளாம்ப் டெஸ்டர் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. கம்பியைச் சுற்றிக் கவ்வி, மூடிய சுற்றில் ஏசியைத் தூண்டி, சுற்றின் மொத்தத் தடையைக் காட்டும் கருவி இது. பல ராடுகள் இணைந்த எர்த்திங்கில் இது அற்புதம். குளத்து வளையமோ மண்ணையே தொடாமல் உலோகத்திலேயே மூடிக்கொண்ட சுற்று. கவ்வினால் 0.2, 0.3 ஓம் என்று வரும். 'எர்த் சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அளந்தது எர்த்தே இல்லை. ஒரே ஒரு பயன் உண்டு: வளையத்தில் கவ்வியும் ரீடிங் எல்லைக்கு வெளியே போனால் வளையம் மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்காக மட்டும் இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

இனி அந்த ஐந்தாவது கருவி: 1000 ஓம் ரெசிஸ்டர். நல்ல மல்டிமீட்டரின் ஏசி வோல்ட் முனைகளுக்குக் குறுக்கே அதைப் போட வேண்டும். மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம் என்பதால், தனியாக அளந்தால் தூண்டலால் வரும் பேய் வோல்டேஜையும் காட்டும். ரெசிஸ்டர் மனித உடம்புக்குப் பதிலாக நிற்கிறது. சேர்த்ததும் ரீடிங் சரிந்து காணாமல் போனால் பேய்; நின்றால் நிஜம். ஈர உடம்புக்கு 500 ஓம் வைத்தும் பார்ப்பது நல்லது. மின்னோட்டம் உடம்பில் உறைக்கத் தொடங்கும் அளவு ஐஇசி 60479 கணக்கில் சுமார் 0.5 மில்லிஆம்பியர். ஆக 1000 ஓமில் அரை வோல்ட் நின்றாலே குளிப்பவருக்குச் சுரீரென்று தெரியலாம்.

யாரும் தண்ணீரில் இல்லாதபோதுதான் இதைச் செய்ய வேண்டும். இன்சுலேட் செய்த வயரின் நுனியில் ஒரு செம்புத் தகட்டைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். கரையில் ஈரத்துணி விரித்து 20 சென்டிமீட்டர் சதுர உலோகத் தகடு வைத்து, மேலே எடை ஏற்றுங்கள். தண்ணீருக்கும் கைப்பிடிக்கும், கைப்பிடிக்கும் கரைத்தகட்டுக்கும், தண்ணீருக்கும் கரைத்தகட்டுக்கும் அளந்து எழுதுங்கள். பிறகு பம்ப், ஹீட்டர், விளக்கு, குளோரினேட்டர் ஒவ்வொன்றாக ஓடவிட்டு மறுபடி. ஒரு சுவிட்ச் போட்டதும் எண் தாவினால் குற்றவாளி அதுதான். மெயினையே இறக்கிய பிறகும் வோல்டேஜ் நிற்கிறதென்றால் அது வெளியிலிருந்து, பெரும்பாலும் சப்ளை நியூட்ரல் வழியாக வருகிறது. குளத்துக்குள் எதைக் கழற்றினாலும் தீராது. மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. தண்ணீரின் பாண்டிங்கை ஓம் மீட்டரில் அளக்க முயல வேண்டாம். டிசியில் தகடு போலரைஸ் ஆகி எண் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த ஏசி வோல்டேஜ் முறையே அதற்கும் சரி.

எந்தக் கருவியானாலும் முனை படும் இடம் முக்கியம். ஏணியை அதன் சாக்கெட்டில் (ஏணிக்கால் நிற்கும், தளத்தில் பதித்த உலோகக் குழியில்) அளந்துவிட்டு ஏணிக்கு டிக் போடுவது வழக்கமான தவறு. சாக்கெட்டுக்குள் ஏணிக்காலை இறுக்கும் பித்தளை ஆப்பு பச்சை பூத்துப்போனால் சாக்கெட் 45 மில்லிஓம், ஏணி பல ஓம். ஏணிக்குழாயிலேயே, கூரான முனையால் மேற்பரப்பைக் கீறி அளக்க வேண்டும். பம்ப் மாற்றியவர் பழைய பாண்டிங் கம்பியைப் புது மோட்டாரின் லக்கில் மாட்டாமல் தொங்கவிட்டிருப்பது அடிக்கடி பார்க்கக்கூடியது. தளத்தை மறுபடி போடும்போது வளையத்தை வெட்டிவிடுவது, மண்ணுக்கடியில் சாதா துத்தநாக கிளாம்ப் போட்டிருப்பது ஆகியவை அடுத்த வரிசை. பாண்டிங் கம்பியைக் கழற்றும் முன் அதில் ஏசி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால், கழற்றிய நொடியில் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்டேஜ் எழும். பிடித்திருப்பது உங்கள் கை.

வாங்குவதற்கு எங்கள் பரிந்துரை: தினமும் குள வேலை பார்க்கிறவர் 1 ஆம்பியராவது தரும் நான்கு முனை மீட்டர் எடுக்கலாம். எப்போதாவது பார்க்கிறவருக்கு மல்டிஃபங்ஷன் டெஸ்டரே போதும், நல் செய்ய மறக்காதவரை. அதில் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனையும் சேர்ந்தே வரும்: 30 மில்லிஆம்பியரில் 300 மில்லிசெகண்டுக்குள், 150 மில்லிஆம்பியரில் 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும். ஆர்சிடியின் மேலுள்ள டெஸ்ட் பட்டன் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் வேலை செய்யும் என்பதால், அதை அழுத்திக் காட்டிவிட்டு எர்த்திங் சரி என்று சொல்கிறவர் எதையும் சோதிக்கவில்லை. 12 வோல்ட் தண்ணீரடி விளக்குகள் எஸ்இஎல்வி (எர்த்தோடு சேராமல் பிரித்து வைத்த மிகக்குறைந்த வோல்டேஜ் சப்ளை) என்றால் அதே டெஸ்டரில் 250 வோல்ட் டிசி இன்சுலேஷன் சோதனை: எர்த்துக்கும் கம்பிக்கும் இடையே குறைந்தது 0.5 மெகாஓம். விளக்குக்கு மின்சாரம் தரும் எல்இடி டிரைவர் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பட்டனைத் தொட வேண்டும்.