கான்கிரீட் தளத்தின் மேல் மரப்பலகைத் தரை: சில வருடங்கள் புழங்கிய பிறகு

படுக்கையறையிலும் அதையொட்டிய வேலை அறையிலும் கான்கிரீட் தளத்தின் மேல் நானே லேமினேட் பலகை (அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் மரம்போல் அச்சிட்ட படலம் ஒட்டியது) பதித்துச் சில வருடங்கள் ஆகின்றன. பலகை 8 மில்லிமீட்டர் தடிமன், ஒன்றோடொன்று கிளிக் என்று பூட்டிக்கொள்ளும் வகை, தேய்மானத் தரம் ஏசி4. பசையோ ஆணியோ கிடையாது. தளத்தோடு ஒட்டாமல் அதன் மேல் கிடக்கும் தரை. இவ்வளவு காலம் புழங்கிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: இந்தத் தரையின் ஆயுள் பலகையைவிட அதன் அடியில் செய்த வேலையில்தான் இருக்கிறது.

முதலில் ஈரம். கான்கிரீட் மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். மண்மேல் நேராக அமைந்த தளமாக இருந்தால் கீழிருந்தும் ஈரம் ஏறும். புதுத் தளத்துக்கு ஓர் அங்குலத் தடிமனுக்குச் சுமார் ஒரு மாதம் காயவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என்னுடையது பழைய தளம், இருந்தாலும் சோதித்தேன். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுப் பிரிக்க வேண்டும். அடியில் நீர் முத்து முத்தாக நின்றாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் தளம் முழுக்கப் பாலிதீன் விரிப்பது அவசியம். 0.2 மில்லிமீட்டர் விரிப்பை, இணையும் இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏறும்படி போட்டு டேப் ஒட்டினேன். லேமினேட்டின் உள்பாகம் அழுத்திய மரநார். அது ஈரம் குடித்து உப்பினால், காய்ந்த பிறகும் பழையபடி ஆகாது.

அடுத்தது தளத்தின் சமம். அறை ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருப்பதால் கெடுதல் இல்லை, மேடு பள்ளம்தான் ஆகாது. இரண்டு மீட்டர் அலுமினியச் சட்டத்தை எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்த இடங்களைக் குறித்தேன். மேட்டை கிரைண்டரால் தேய்த்தேன் (அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, நல்ல முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது). பள்ளங்களில் தானாகப் பரவி மட்டமாகும் சிமென்ட் கலவையை ஊற்றினேன். பலகை போட்டதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. நடக்கும்போது தரை எங்கும் அமுங்குவதில்லை, ஒரு பூட்டுகூட விடவில்லை. அந்த உழைப்புக்குக் கிடைத்த பலன் என்றே நினைக்கிறேன்.

பலகை போடுவது எளிது. பெட்டிகளை அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவைத்து, அப்புறம் வரிசை வரிசையாகப் பூட்டிக்கொண்டு போகலாம். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் 30 சென்டிமீட்டராவது தள்ளி விழ வேண்டும். சுவர் ஓரத்தில் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். கதவு நிலையின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே தள்ளினேன். ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில் ஓடும் பட்டி) சுவரில் மட்டும் அடித்தேன், பலகையில் அல்ல. காற்றில் ஈரம் கூடும்போது பலகை விரியும், அதற்கு இடம் வேண்டும். ஒவ்வொரு மழைக்காலமும் கவனித்துப் பார்க்கிறேன், எங்கும் தூக்கவில்லை.

இனி குறைகள். செருப்போடு நடந்தால் டொக் டொக் என்று கேட்கும். பலகைக்கு அடியில் போட்ட 3 மில்லிமீட்டர் ஃபோம் விரிப்பு சத்தத்தை ஓரளவுதான் குறைக்கிறது. அதற்காகத் தடிமனான, மெத்தென்ற விரிப்பைப் போட்டால் நடக்கும்போது இணைப்புகள் வளைந்து பூட்டு உடையும். வேலை அறையில் உருளும் நாற்காலிக்கு மென்மையான ரப்பர் சக்கரம் மாற்றினேன். மேசை, கட்டில் கால்களுக்கு ஒட்டிய ஃபெல்ட் துண்டுகளில் மண் ஏறினால் அவையே கீறும், எனவே அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஒருமுறை ராத்திரி அடித்த சாரலில் ஜன்னலோரம் தண்ணீர் தேங்கி இரண்டு பலகைகளின் விளிம்பு உப்பிவிட்டது. அந்தப் பக்கத்து ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, வரிசைகளைப் பிரித்து, கெட்டவற்றை மட்டும் மாற்றினேன். கையில் மிச்சப் பெட்டி இருந்ததால் நிறம் பொருந்தியது. பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள். அதே வடிவம் பின்னால் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. துடைக்க நன்றாகப் பிழிந்த துணி போதும், நீராவி மாப் வேண்டாம்.

குளியலறைப் பக்கம், துணி துவைக்கும் இடம் இவற்றுக்கு இந்தத் தரையை நான் சொல்ல மாட்டேன். அங்கே கல் கலந்த வினைல் பலகை நல்லது. லேமினேட் தேய்ந்தால் இழைத்துப் புதுப்பிக்கவும் முடியாது. அந்த வசதி வேண்டுமென்றால் மேலே 3 மில்லிமீட்டராவது நிஜ மரம் உள்ள எஞ்சினியர்டு பலகைக்குப் போக வேண்டும். ஹாலுக்கு அதைத்தான் பார்த்துவருகிறேன். அறை வாசல்களில் தரையைப் பிரித்து, நடுவில் இணைப்புப் பட்டி வைத்துப் போடுவதாக இருக்கிறேன்.