ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வக்காலத்தில் கையெழுத்து போடாதீர்கள்

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் நீடாமங்கலத்திலிருந்து பைக்கில் வரும்போது கார் மோதி கை முறிந்து படுத்துவிட்டான். பார்க்கப் போயிருந்தேன். அவன் அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டி, "இந்த வக்கீல் கைக்காசே கேக்க மாட்டாராம் தம்பி, கேஸ் முடிஞ்சதும் குடுத்தா போதுமாம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நம்பித்தான் நான் ஏமாந்தேன். அந்த அம்மாவிடம் சொன்னதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் பம்புசெட் மெக்கானிக். மன்னார்குடி, வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் போர் மோட்டாரைத் தூக்குவது, ரிப்பேர் பார்த்து மறுபடி இறக்குவது என் வேலை. 2023 பிப்ரவரி, சம்பா அறுவடை மும்முரமாக நடந்த நேரம். இரவு எட்டு மணி இருக்கும். ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். எதிரே நெல் மூட்டை ஏற்றி வந்த குட்டியானை ஒன்று டிராக்டரை முந்துகிறேன் என்று என் பக்கம் ஏறிவிட்டது. இடது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தன. 108 வந்து தூக்கிப் போனது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுத் திட்டத்தில் செலவில்லாமல் நடந்தது. தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான்காம் நாள் ஒருவர் ஆப்பிளும் பிரட்டும் வாங்கிக்கொண்டு கட்டிலருகே வந்தார். என் பெயர், ஊர், எந்த ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர்., மோதிய வண்டிக்கு எந்த கம்பெனி இன்சூரன்ஸ், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. போலீஸ் சம்பந்தப்பட்டவர் என்றே நினைத்தேன். "அண்ணே, ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போடலைன்னா ஒத்தப் பைசா வராது. எங்க வக்கீல் பாத்துக்குவாரு. வர்றதுல முப்பது பர்சென்ட், அவ்வளவுதான்" என்றார். வலி மருந்தின் மயக்கம் எனக்கு. வீட்டில் அடுத்த மாதம் எப்படிப் போகும் என்ற பயம் வேறு. மனைவி, "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. வக்காலத்தில் (வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள்) ஒன்று, எதுவும் எழுதாத தாள்களில் ஐந்தாறு என்று அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து போட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாம் அசலாகவே போய்ச் சேர்ந்தன. ஒன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வைக்கவில்லை.

அவர் சொன்ன ஆறு மாதக் கணக்கு பொய்யில்லை. 2022 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் என்பது நூற்றெண்பது நாள். நான்காம் நாளே கையெழுத்து போட வேண்டிய அவசரம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்து, கால் கட்டோடு உட்கார்ந்து, நாலு பேரிடம் விசாரித்திருக்கலாம். அப்புறம் அந்த முப்பது பர்சென்ட். கிடைக்கிற தொகையில் பங்கு என்று வக்கீல் பேரம் பேசவே கூடாது, ஆள் வைத்து கேஸ் பிடிக்கவும் கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதி. வார்டுக்குள் அந்த ஆள் வந்ததே விதிமீறல் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வக்கீலின் முகத்தையே பார்க்கவில்லை. போன் செய்தால் குமாஸ்தா எடுப்பார். "வாய்தா போட்டிருக்கு" என்பார். கேஸ் நம்பர் கேட்டால், "அது எதுக்குங்க உங்களுக்கு?" என்பார். 2024-ல் ஒரு சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்துக்கு, அதாவது இரு தரப்பும் பேசி வழக்கைச் சமரசமாக முடிக்கிற இடத்துக்கு, வரச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் வக்கீலை முதல் முறை பார்த்தேன். தோளில் கை போட்டு, "கம்பெனி இறங்கி வந்திருக்கான், விட்டா பத்து வருஷம் இழுப்பான்" என்றார். தொகை 2,40,000 ரூபாய். தகடு இன்னும் எடுக்கவில்லை, அதற்கு ஒரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் சேத்துதான்" என்றார். கையெழுத்து போட்டேன்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி உத்தரவு வந்துவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவாகப் போகலாம்தான், ஆனால் அதற்கான வாசல் மிகக் குறுகல். நியாயமான தொகையும் முடிந்த சிகிச்சையும் இருந்தால் அது நல்ல இடம். சிகிச்சை பாக்கி இருக்கிறவர் வேறு நாளுக்குத் தள்ளிக் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்; வழக்கு, விபத்து இழப்பீட்டை விசாரிக்கிற தீர்ப்பாயத்திலேயே தொடரும். இதை எனக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் என் வக்கீல். அவரே சொல்லவில்லை.

பணம் நேராக உங்கள் கணக்குக்குத்தான் வரும் என்று சொல்லி, கோர்ட்டுக்குப் பக்கத்து பேங்கில் எனக்குப் புதுக் கணக்கு தொடங்கினார்கள். பாஸ்புக்கைக் குமாஸ்தா வாங்கி வைத்துக்கொண்டார். பணம் எடுக்கிற படிவம் மூன்றில் தொகை எழுதாமல் கையெழுத்து வாங்கினார். கடைசியில் என் கைக்கு வந்தது 1,05,000 ரூபாய். பேசிய முப்பது சதவீதப்படி பார்த்தாலும் 72,000 தான் அவர்களுக்குப் போக வேண்டும். போனது 1,35,000. கேட்டதற்கு "டாக்டர் செலவு, ஆபீஸ் செலவு" என்றார்கள். எந்த டாக்டர்? கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்க்க என்னை எந்த டாக்டரிடமும் அவர்கள் கூட்டிப்போனதே இல்லை.

என் அக்கா மகன் இ-கோர்ட்ஸ் செயலியில் என் பெயரைப் போட்டுத் தேடி கேஸ் நம்பரைக் கண்டுபிடித்தான். அதை வைத்து மனுவின் நகல் வாங்கினோம். பணம் போனதைவிட அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. தொழில்: கூலி. மாத வருமானம்: 8,000 ரூபாய். மெக்கானிக் என்ற சொல்லே அதில் இல்லை. இருபது வருடம் கற்ற தொழிலை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவர் இல்லாமல் ஆக்கிவிட்டார்.

தஞ்சாவூரில் ஒரு மூத்த வக்கீலிடம் அந்த நகலைக் காட்டினேன். அவர் காசு எதுவும் வாங்காமல் ஒரு தாளில் கணக்கு போட்டுக் காட்டினார். விபத்தின்போது எனக்கு வயது 38. உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கு எண் 15, அதாவது ஒரு வருட நஷ்டத்தை 15-ஆல் பெருக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் வருமானத்தை நிரூபித்து, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக ஏற்றுக்கொண்டால், அந்த ஒரு தலைப்பில் மட்டும் 8,10,000 ரூபாய். வலி, வேதனை, மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம் எல்லாம் தனி. கோர்ட் அப்படியே கொடுத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. கம்பெனி ஒவ்வொன்றையும் மறுக்கும், சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும் என்றார். என் வழக்கில் நிரூபிக்க யாரும் முயலவே இல்லை.

அவர் விளக்கிய இன்னொன்று, 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு. உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பதும் அதனால் பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பதும் வேறு வேறு. இடது கையை இழந்தவர் தச்சராக இருந்தால் தொழிலே போய்விடும். அரசு குமாஸ்தாவாக இருந்தால் வேலை தொடரலாம். எனக்கு முட்டி முழுதாக மடங்காது. போர் குழி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. மோட்டாரைத் தூக்கும்போது கால் ஊன்ற முடியாது. மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இது சிறு தொல்லை. எனக்கு இது அரைச் சம்பளம். மனுவில் "கூலி" என்று எழுதியபோதே இதைச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

அதனால், அடிபட்டவர் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வார்டுக்கு வந்து வக்கீல் பெயர் சொல்கிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். எப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். போயிற்றா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். வழக்கை நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம், வேறு ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் தேட எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு காலைப்பொழுது அந்தக் கோர்ட்டில் போய் உட்காருவது. யார் டாக்டரைச் சாட்சியாக நிறுத்தி விசாரிக்கிறார், யார் வாய்தா மட்டும் வாங்குகிறார் என்று இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவரிடம் நேரில் பேசி, மனுவைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, தொழிலும் வருமானமும் சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்து போடுங்கள். பாஸ்புக் உங்கள் பையிலேயே இருக்கட்டும். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போன் 15100.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வக்கீலை மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. இதையும் உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.

நான் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் மனுவின் நகலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறேன். தகடு எடுக்கும் ஆபரேஷனை இந்தக் குறுவை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மனு கொடுத்து டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மறுபடி வாங்கிவிட்டேன். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.