பட்டை தீட்டிய கண்ணாடியின் வயது: முத்திரையா, தேய்மானமா?

பாட்டி வழியில் வந்த, பட்டை தீட்டிய கண்ணாடிக் கிண்ணம் எந்த நாட்டில், எக்காலத்தில் செய்யப்பட்டது என்பதை அறிய இரு வழிகள் உண்டு: அடியில் முத்திரையைத் தேடுவது ஒன்று, கண்ணாடியின் உடலையே சோதிப்பது மற்றொன்று.

முத்திரை கிடைத்தால் வேலை எளிது. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் 1783-இல் தொடங்கிய ஆலை 1851-இல் மூடப்பட்டு, 1947-இல்தான் அப்பெயரில் தொழில் மீண்டும் தொடங்கியது. பழைய ஆலை அமிலத்தால் பெயர் பொறித்ததில்லை; ஆகவே அமிலத்தால் பொறித்த ‘வாட்டர்ஃபோர்ட்’ என்னும் எழுத்து இருந்தால், கலம் 1947-க்குப் பிந்தியதே. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால், அந்நாடு உருவான 1918-க்கு அது முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் 1876 முதல் முதலாம் உலகப்போர் வரை அமெரிக்காவில் செழித்த ஆழ்வெட்டுக் கலங்களில் ஏராளமானவற்றுக்கு முத்திரையே இல்லை. போலி முத்திரையைப் பின்னாளில் பொறிப்பதும் கடினமன்று.

உடற்சோதனைக்குப் பொறுமை வேண்டும், எனினும் என் நம்பிக்கை அதன்மீதுதான். அச்சில் அழுத்திய கண்ணாடியில் இணைப்புக்கோடு தென்படலாம், விளிம்புகளும் மழுங்கியிருக்கும். சக்கரத்தில் வெட்டியதில் விளிம்பு விரலை உறுத்தும். பல்லாண்டு மேசையில் உராய்ந்த அடிப்பகுதியில் நுண்கீறல்கள் பல திசைகளில் ஓடும்; உப்புத்தாளால் தேய்த்துப் பழமை காட்டியதிலோ அவை பெரும்பாலும் ஒரே போக்கில் கிடக்கும். சுண்டினால் எழும் மணியோசை, பலர் எண்ணுவதுபோல், வயதைச் சொல்லாது. ஈயம் கலந்திருக்கலாம் என்பதையே உணர்த்தும்.