இரும்போசைக்குள் மனிதக் குரல்: ‘ஹால்பர் மென்ஷ்’ இசைத்தொகுப்பு

ஐன்ஷ்டுர்ட்சென்டே நொய்பவுட்டன் என்ற மேற்கு பெர்லின் இசைக்குழுவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் துளையிடும் இயந்திரங்களையும் இரும்புத் தகடுகளையும் பற்றியே பேசுகிறார்கள். இரைச்சலே இவர்களுடைய கலை என்ற அந்த எண்ணத்தை, 1985இல் வெளிவந்த ‘ஹால்பர் மென்ஷ்’ முற்றாக மாற்றிவிடுகிறது. ‘பாதி மனிதன்’ என்று பொருள்படும் தலைப்புப் பாடலில் உலோகமே கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மனிதக் குரல்கள் மட்டுமே இருக்கின்றன. முதன்முறை கேட்டபோது, நான் தவறான தொகுப்பை எடுத்துவிட்டேனோ என்றே நினைத்தேன்.

1980 ஏப்ரல் 1 அன்று முதல் நிகழ்ச்சியை நடத்திய இக்குழுவில், பணமில்லாத காரணத்தால் தாளக் கருவிகளை விற்றுவிட்ட என்.யு. உன்ரூ, தெருவில் கிடைத்த பழைய இரும்பைக் கொண்டே புதிய தாளக் கருவிகளை உருவாக்கிக்கொண்டார். ஆனால் அந்த இரும்பைத் தட்டிய விதம் வெறும் ஆவேசத்திலிருந்து வந்ததன்று. எழுபதுகளின் ஜெர்மானியக் குழுக்களான கான், நொய் ஆகியவை ஒரே தாளத்தைச் சலிப்பின்றி நீட்டித்துச் சென்ற முறையை இளமையிலேயே கேட்டு வளர்ந்தவர் பாடகர் ப்ளிக்ஸா பார்கெல்ட். ‘யூ-குங்’ பாடலின் இயந்திர நடையில் அந்தப் பாடம் தெளிவாகக் கேட்கிறது. மலையை மண்வெட்டியால் பெயர்க்கத் துணிந்த முதியவரைப் பற்றிய சீனக் கதையிலிருந்து வந்தது அதன் தலைப்பு. அன்றாடப் பொருள்களின் ஓசையையே இசையின் மூலப்பொருளாகக் கருதும் துணிவு, 1948இல் பாரிஸில் பியேர் ஷேஃபர் ஒலிப்பதிவுகளைக் கொண்டு தொடங்கிய முயற்சிகளின் வழியில் வருவது என்பேன்.

தயாரிப்பாளர் கேரத் ஜோன்ஸின் பங்களிப்பைத் தனியே பாராட்ட வேண்டும். முதல் தொகுப்பான ‘கொலாப்ஸ்’ கரடுமுரடான ஒலிச் சுவராக இருந்தது. இங்கோ ஒவ்வொரு அடிக்கும் இடையிலுள்ள வெற்றிடமும் காதில் விழுகிறது. ‘ஸீலே பிரென்ட்’ பாடலில் பார்கெல்டின் கிசுகிசுப்பு நம் காதருகே வந்து நின்று, பின்பு அலறலாக வெடிக்கும்போது, அதற்கு முந்தைய அமைதிதான் நம்மை அச்சுறுத்தியது என்பது புரிகிறது. மிகச் சிறிய ‘ட்ரிங்க்லீட்’ மட்டும் முழுமை பெறாத துண்டாக எனக்குப் படுகிறது.

வாங்குவோர் ‘சேண்ட்’ பாடலும் சேர்க்கப்பட்டுள்ள மறுவெளியீட்டுக் குறுந்தட்டைத் தேடிப் பிடிப்பது நல்லது. அமெரிக்கப் பாடலாசிரியர் லீ ஹேசல்வுட்டின் காதல் பாடலை எவ்விதக் கேலியுமின்றி, மெல்லிய குரலில், உரிய மரியாதையுடன் பாடியிருக்கிறார்கள்.