குடிப்பவர் வராவிட்டாலும் தொடங்கலாம்: கிராஃப்ட் குடும்பப் பயிற்சி எப்படி?

"முதலில் அவரைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்படும் வீட்டாருக்கு உருப்படியான சேவை இது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் (CRAFT) முறையில் பயிற்சி குடிப்பவருக்கு அல்ல. மனைவி, அம்மா, அண்ணன் என்று யார் தவிக்கிறாரோ அவருக்கு.

1999-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இதைக் கற்ற குடும்பங்களில் 64 சதவீதம் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தன. எல்லோரும் கூடி நேருக்கு நேர் கேட்கும் முறையில் 30, அல்-அனான் (குடிப்பவர்களின் வீட்டார் ஒருவருக்கொருவர் ஆதரவு தரும் குழு) வழியில் 13. ஆய்வுக் குழுவில் மேயர்ஸும் இருந்தார் என்பதையும், அல்-அனானின் நோக்கமே வேறு என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

நல்ல ஆலோசகர் முதலில் கேட்பது, வீட்டில் அடி உதை உண்டா என்று. உண்டென்றால் பாதுகாப்புத் திட்டம்தான் முதல் வேலை. அடுத்து ஒரு தாள்: யாருடன், எத்தனை மணிக்கு, எந்த மனநிலையில் குடிக்கிறார், உடனே கிடைப்பது என்ன, பிறகு இழப்பது என்ன. இதை நிரப்பாமல் தொடங்கினால் மீதியெல்லாம் குத்துமதிப்புதான்.

பிறகு பேச்சு ஒத்திகை. "இன்னைக்கும் குடிச்சாச்சா?" என்பது போய், "நேத்து நீங்க குடிக்காம பசங்களோட உட்கார்ந்து சாப்பிட்டது எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, இன்னைக்கும் ஏழரைக்கு வந்துடறீங்களா?" என்று வர வேண்டும். சுருக்கமாக, குறிப்பாக, அவர் தெளிவாக இருக்கும்போது.

சொதப்புவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில். குடித்து வந்தால் சண்டையும் கிடையாது, உபசரிப்பும் கிடையாது, விலகிவிட வேண்டும். ஆபீசுக்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்லக் கூடாது. தொடக்கத்தில் கத்தல் கூடலாம். அப்போது இறங்கிப்போனால், இன்னும் உரக்கக் கத்தினால் பலிக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

பாட்டிலை ஒளிப்பது இதில் சேராது. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், பிறகு பிதற்றலும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சிகிச்சைக்குக் கூப்பிடும் நேரம், அவரே வருந்தும் காலைப் பொழுது. "சரி, போகலாம்" என்றால் ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்க்க முன்பதிவு தயாராக இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து என்றால் மனம் மாறிவிடும்.

கிராஃப்ட் என்று பலகை மாட்டி வெறும் ஆறுதல் பேசி அனுப்புபவர்களும் உண்டு. பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஒவ்வொரு அமர்விலும் ஒத்திகை உண்டா, வீட்டுப்பாடம் உண்டா?