இறக்கிய மின்னஞ்சலை யாரிடம் கொடுப்பது: எக்ஸிமிடமா, நேராக மெயில்டிரிலா?

வெளிச் சர்வரில் கிடக்கும் அஞ்சலை பாப்3 (சர்வரிலிருந்து அஞ்சலை இறக்கும் நெறிமுறை) வழியாக இழுத்து வீட்டு லினக்ஸ் கணினியில் போடுகிறவர்களுக்கு இரண்டு வழி. ஃபெட்ச்மெயில் என்ற நிரல், இறக்கியதை எஸ்எம்டிபியில் (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) எக்ஸிம் அல்லது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வரிடம் கொடுக்கலாம். இல்லையென்றால் அவற்றைத் தொடாமல் மெயில்டிராப் மாதிரி ஒரு எம்டிஏவிடம் (அஞ்சலைப் பெட்டியில் போட்டுவைக்கும் நிரல்) நேராகத் தள்ளலாம். கெட்மெயில் என்ற இன்னொரு இறக்கும் நிரல் என்றால் அதுவே மெயில்டிரில் (அஞ்சல்களைத் தனித்தனிக் கோப்பாக வைக்கும் அடைவு) எழுதிவிடும். நான் இரண்டாவதுக்கு மாறியவன், நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

நிறுவுவது, வேகம் இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. வழக்கைத் தீர்ப்பது கோணலான அனுப்புநர் முகவரிதான். ஆபீஸ் ஸ்கேனர் ஒன்று ரிட்டர்ன்-பாத்தில் (திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி) டொமைனே, அதாவது அட் குறிக்குப் பின் வரும் பகுதியே, இல்லாமல் வெறும் 'ஸ்கேனர்' என்று போட்டு அனுப்புகிறது, வெளிச் சர்வர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது, ஃபெட்ச்மெயில் கொண்டுவந்து நீட்டும்போது எக்ஸிம் 501 என்ற பிழை எண்ணைச் சொல்லி, முகவரியில் டொமைன் வேண்டும் என்று மறுக்கிறது. மறுப்பதில் அர்த்தம் இருப்பது அனுப்பியவர் எதிர்முனையில் இருக்கும்போதுதான். இங்கே அவர் எப்போதோ போய்விட்டார், வாசலில் நிற்பது நம் ஃபெட்ச்மெயில். பவுன்ஸ் (சேரவில்லை என்ற திருப்பு அஞ்சல்) அனுப்பலாம் என்றால் எந்த முகவரிக்கு? அதுதானே கோணல்! ஃபெட்ச்மெயிலில் சாஃப்ட்பவுன்ஸ் அமைப்பைப் போட்டிருந்தால் அஞ்சல் வெளிச் சர்வரிலேயே கிடக்கும், ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் லாகில் அதே 501. ஃபெட்ச்மெயிலின் ஆன்டிஸ்பாம் பட்டியலில் (எந்தப் பிழை எண் வந்தால் குப்பை அஞ்சல் என்று எடுத்துக்கொள்வது) 501ஐச் சேர்த்தால் இன்னும் மோசம், சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

சரி, எக்ஸிமைத் தளர்த்தலாமே? லோக்கல்ஹோஸ்டை (நம் கணினியையே) சென்டர் அன்குவாலிஃபைட் ஹோஸ்ட்ஸ் என்ற எக்ஸிம் அமைப்பில் சேர்த்தால் டொமைன் இல்லாதது உள்ளே வரும், ஆனால் நம் டொமைனையே ஒட்டிக்கொண்டு வரும். போஸ்ட்ஃபிக்ஸ் இந்த விஷயத்தில் முதலிலிருந்தே தாராளம். ஆனால் முகவரி நடுவே இடைவெளி, இரண்டு அட் குறி என்று வந்தால் எக்ஸிமில் இந்தத் தளர்த்தலும் உதவாது.

எம்டிஏ வழியில் இந்த வம்பே இல்லை. அங்கே யாரும் முகவரியின் இலக்கணம் பார்ப்பதில்லை, அஞ்சல் பெட்டியில் விழுகிறது, குப்பையா இல்லையா என்று அப்புறம் நாமே பார்த்துக்கொள்ளலாம். 1996இல் ஃபெட்ச்மெயிலை உருவாக்கிய எரிக் ரேமண்ட் எஸ்எம்டிபி வழியை ஃபெட்ச்மெயிலின் மையமாக்கி மற்ற வழிகளைக் கழித்துக்கட்டப் பார்த்தவர்தான். அப்புறம் எம்டிஏ வசதியைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஒன்றில் மட்டும் கவனம்: எம்டிஏ கட்டளையில் அனுப்புநர் முகவரியை இடும் குறியீட்டைச் சுற்றி நீங்களாக மேற்கோள் குறி போடாதீர்கள். ஃபெட்ச்மெயிலே போட்டுக்கொள்ளும், நீங்களும் போட்டால் அந்தப் பாதுகாப்பு உடையும், யாரோ எழுதிய முகவரி ஷெல்லுக்குள் கட்டளையாகப் போய்விடலாம்.

இழப்பு இல்லாமல் இல்லை. ஏலியாஸ் (ஒரு முகவரிக்கு வருவதை வேறொருவருக்குத் திருப்பும் வசதி), சர்வரோடு கட்டிய ஸ்பாம் வடிகட்டி எல்லாம் போய்விடும். ஒரே பெட்டியில் வரும் அஞ்சலைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் இவை தேவைப்படும், அங்கே எஸ்எம்டிபியே மேல் என்று நினைக்கிறேன். ஆனால் நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஆளுக்கொரு பெட்டி வைத்த அமைப்புதான்.